தண்ணீருக்கேற்ற மீன், மீனுக்கேற்ற துணை

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பது இன்று பல வீடுகளில் காணப்படுகிறது. சென்னை கொளத்தூரில் பல குடும்பங்களுக்கு இம்மீன் உற்பத்தியே பிழைப்பு. ஆனால், தொட்டி வாங்கியவர்களில் பலர், மீன்கள் ஒன்றையொன்று கடித்துச் சாவதைக் கண்டு மனம் வெறுத்துத் தொட்டியைக் காலி செய்துவிடுகிறார்கள். சிக்லிட் இன மீன்களில் இத்தொல்லை அதிகம். கைராசி இதற்குக் காரணமன்று. நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவதே காரணம்.

சிக்லிட் என்பது பெரிய மீன் குடும்பம். நம் குளங்களில் உள்ள ஜிலேபிக் கெண்டையும் இதைச் சேர்ந்ததே. தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்த டிஸ்கஸ் மீனுக்கு, சற்றே அமிலத்தன்மையுள்ள மென்னீர் ஏற்றது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்குக் கார அமில நிலை 7.8 முதல் 8.6 வரையுள்ள கடின நீர் தேவை. இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று நலிவது உறுதி. மருந்திட்டுத் தண்ணீரை மாற்றுவதைவிட, வீட்டுத் தண்ணீருக்கேற்ற மீனை வாங்குவதே சிக்கனம். சோப்பு நுரைக்காத ஆழ்குழாய்க் கிணற்று நீர் உள்ள வீடுகளுக்கு மலாவி மீன்களே பொருத்தம்.

அடுத்தது குணம். மலாவி மீனான ஆரட்டஸ், குஞ்சில் மஞ்சள் நிறத்தில் அழகாக இருக்கும். ஆண் மீன் வளர்ந்ததும் கருத்து, தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு மற்றவற்றைத் துரத்தும். அமேசான் பகுதி ஆஸ்கார் மீனோ ஓரடி வரை வளர்ந்து, சிறு மீன்களை விழுங்கிவிடும். புதிதாக வளர்ப்போர் இவ்விரண்டையும் தவிர்த்தல் நலம்.

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி சுமார் 255 லிட்டர் கொள்ளும். இதில் சாதுவான எலக்ட்ரிக் எல்லோ, ரஸ்டி ஆகிய இரு மலாவி மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணுக்கு மூன்று பெண் இருப்பது நல்லது. ஒளிந்துகொள்ளக் கற்களை அடுக்கி இடுக்குகள் அமைக்க வேண்டும். தீவனத்தில் பாசி வகை மிகுந்திருக்கட்டும். புழுக்களையே கொடுத்தால் வயிறு உப்பி இறக்கக்கூடும்.

விற்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. வளர்ந்த மீனின் அளவு, ஏற்ற தண்ணீர், சேரக்கூடிய துணை ஆகிய மூன்றையும் தொட்டியின்மேல் எழுதி ஒட்ட வேண்டும். ஒரு நாள் விற்பனை குறைந்தாலும், ஏமாறாத வாடிக்கையாளர் மீண்டும் வருவார்.

வேண்டாத மீனை ஏரி, குளங்களில் விடவே கூடாது. 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை நாடெங்கும் நீர்நிலைகளில் பரவி, நாட்டு மீன்களுக்குப் போட்டியாகிவிட்டது. வளர்க்க இயலாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். வாங்குமுன் யோசித்தால் அந்த நிலையே வராது.