சொந்த நாட்டுக்குப் போனவங்களுக்கு என்ன குறை?

போன மாசம் ஒரு சாயங்காலம், எங்கள் ஊர் முத்தாம்பிகை அம்மன் கோயில் வாசலில் நாங்கள் நாலைந்து பென்ஷன்காரர்கள் வழக்கம்போல உட்கார்ந்திருந்தோம். வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் செல்போனில் ஒரு படம் காட்டினார். கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குப் போன யூதப் பாட்டி ஒருவர் மலையாளத்தில் பாடுகிறார். பக்கத்தில் பேத்தி ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இதுல கண் கலங்க என்ன சார் இருக்கு? சொந்த நாட்டுக்குத்தானே போனாங்க, என்ன குறை?" என்றார் நண்பர். அதோடு விட்டிருக்கலாம். "உங்க அக்காவும் அப்படித்தானே? பிரெஞ்சு நேஷனாலிட்டி, பிரெஞ்சு பென்ஷன். பொங்கலுக்கு வந்தப்ப அந்தப் பேத்திப் பொண்ணுக்கு தண்ணி வேணும்னு தமிழ்ல கேட்கத் தெரியல. எல்லாம் திமிரு."

அன்றைக்கு நான் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். கோபத்தில் எனக்கு வாய் வராது. பேனாதான் வரும்.

முதலில் கொச்சிக்காரர்கள். அவர்களை இங்கிருந்து யாரும் விரட்டவில்லை. மட்டாஞ்சேரியில் ராஜாவின் அரண்மனையை ஒட்டியே அவர்களுடைய தொழுகைக்கூடம் 1568இல் எழுந்தது, இன்றும் நிற்கிறது. நாடு விடுதலை பெற்ற சமயத்தில் அவர்கள் ஏறக்குறைய 2,500 பேர். பக்தியும் இருந்தது, வறுமையும் இருந்தது, கிளம்பினார்கள். ஆனால் 'சொந்த நாடு' கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கவில்லை. யானைக்கால் நோய் பரவிவிடும் என்று பயந்து அவர்களைக் காக்கவைத்தார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது 1953க்கும் 1955க்கும் நடுவில்.

எங்கே குடிவைத்தார்கள்? நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம், ஜெருசலேம் பக்கத்து மலைச்சரிவில் மெசிலாத் சியோன், லெபனான் எல்லை ஓரத்தில் கபார் யுவால். எர்ணாகுளம் பக்கம் கோழியும் முட்டையும் விற்றவர்கள் கையில் மண்வெட்டி. அப்போது அந்த நாட்டிலேயே ரேஷன் காலம். பிற்பாடு பசுமைக்குடில்களில் பூ வளர்த்து நன்றாக முன்னுக்கு வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நான் கேட்பது முதல் வருஷத்தை. தேங்காய் இல்லாமல் ஒரு நாளும் சமைத்தறியாத ஒரு பெண், மழையே காணாத மண்ணில், முதல் வெள்ளிக்கிழமை ஓய்வுநாள் விருந்துக்கு என்ன சமைத்திருப்பாள்? சரித்திரப் புத்தகத்தில் தலைவர்கள் பேர்தான் இருக்கும், இந்தக் கணக்கு இருக்காது.

எனக்கு அந்தக் கணக்கு தெரியும். அக்கா எழுதிய கடிதங்கள் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

வேடிக்கையைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் பிரெஞ்சு படித்தவன் நான். புதுச்சேரியில் தாய்மாமன் வீட்டில் தங்கி எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சிலேயே படித்தேன். அக்கா இங்கே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்றவள். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர்களில் எங்கள் மாமாவும் ஒருவர், பட்டாளத்துக்காரர். அவருக்குக் கழுத்தை நீட்டிய அக்கா பிரான்சுக்குப் போனாள். பிரெஞ்சு படித்த நான் புதுவை அரசாங்கத்தில் குமாஸ்தாவாக ஃபைல் கட்டினேன்.

முதல் கடிதத்திலேயே வடகம் கேட்டிருந்தாள். அம்மா மொட்டை மாடியில் வெங்காயமும் பூண்டும் உளுந்தும் போட்டு உருட்டிக் காயவைத்து, லீவில் வந்து திரும்புகிற பட்டாளத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். அக்கா அதை எண்ணெயில் தாளித்ததும் மாடி வீட்டுக்காரர்கள் நாற்றம் என்று வந்து கதவைத் தட்டினார்களாம். பிறகு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுத் தாளித்தாள். கொஞ்ச நாளில் பெண்ணே சொல்லிவிட்டது, "ஸ்கூல் நாளில் வேண்டாம்மா, சட்டையில் வாசனை வருது." அதே பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு, வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பிள்ளை பின்தங்குகிறாள், பிரெஞ்சிலேயே பேசுங்கள் என்றாராம். தனக்கே சரியாக வராத பாஷையில் ஒரு தாய் தன் பிள்ளையோடு பேசத் தொடங்கினாள். இதற்குப் பேர் திமிரா?

நானும் அப்போது புரிந்துகொள்ளவில்லை. "பெற்ற பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க உனக்கு நேரமில்லையா?" என்று நாலு பக்கம் எழுதினேன். அதற்கு அவள் பதில் போடவில்லை. ஏழு மாசம் கடிதமே இல்லை.

குடியுரிமை இருக்கிறதே என்கிறார் நண்பர். தாளைப் பற்றி முப்பத்து மூன்று வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவனிடம் சொல்ல வேண்டாம். பம்பாய்ப் பக்கத்திலிருந்து இஸ்ரேல் போன பெனே இஸ்ரேல் யூதர்களுக்குக் குடியுரிமை இருந்தது. ஆனாலும் 1962இல் அங்கிருந்த மதத் தலைமை, அவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் அம்மா, பாட்டி, பாட்டிக்குப் பாட்டி வரை யூதரா என்று விசாரிக்கச் சொன்னது. தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1964இல் பாராளுமன்றமே இவர்கள் எல்லா விதத்திலும் யூதர்கள்தான் என்று சொல்ல வேண்டிவந்தது. இரண்டாயிரம் வருஷம் காப்பாற்றிய மதத்துக்கு சர்டிபிகேட்! அக்கா மகன் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனபோதும் அங்கே ஒரு அலுவலகத்தில், உன் அப்பா பிரெஞ்சுக்காரர் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். அந்த அப்பா அவர்களுடைய பட்டாளத்திலேயே உழைத்து ஓய்ந்தவர். 1962இல் எழுதிக்கொடுத்த காகிதத்தின் நகலை நான்தான் புதுச்சேரியில் தேடி எடுத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

இந்தப் பொங்கலுக்கு வந்த அந்தப் பேத்திக்குத் தண்ணி என்று சொல்லத் தெரியாதுதான். வடகம் என்று சொல்லத் தெரியும். என் மனைவி காயவைத்திருந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

எங்கள் ஊர் வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவன் பிழைத்ததில்லை என்பார்கள். வாத்தியார் அங்கே வந்து, அது திமிர்தான் என்று கை வைத்துச் சொல்லட்டும். வரும்போது விழுப்புரத்தில் இங்கிலீஷ் மீடியம் படிக்கிற அவர் பேரனையும் கூட்டிக்கொண்டு வரட்டும். வழியில் நிற்கிற டவுன் பஸ்ஸின் போர்டை அவன் வாசித்துக் காட்டினால், நான் என் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.