நாயின் முழங்காலும் டாலர் கொள்ளையும்

அமெரிக்காவில் ஒரு நாய்க்கு முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டால், அதை ஆபரேஷன் செய்து சரிப்படுத்த என்ன செலவாகும் தெரியுமா? ஒரு காலுக்கு 3,500 டாலரிலிருந்து 7,000 டாலர் வரை! பெரிய நகரங்களில் அதற்கு மேலும் கேட்கிறார்கள். நடுவாக 5,000 டாலர் என்றே வைத்துக்கொள்வோம்.

"நாய்க்கா ஐயாயிரம் டாலர்!" என்று நீங்கள் சிரிக்கலாம். மில்லில் எட்டு மணி நேரம் நின்று கால் கடுத்துப் போனவர், நாற்று நட்டு இடுப்பு ஒடிந்தவர் சிரிக்காமல் என்ன செய்வார்? பணக்காரச் சீமாட்டியின் மடியில் கிடக்கும் பொசுபொசுத்த நாய்க்குட்டிதான் நினைவுக்கு வரும்.

ஆனால், தோழர்களே, சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பது சீமாட்டி அல்ல. அவளுக்கு ஐயாயிரம் ஒரு பொருட்டே அல்ல. விழிக்கிறவன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன்; லாரி ஓட்டுகிறவன். விழிக்கிறவள் ஓட்டலில் தட்டுக் கழுவுகிறவள். அந்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான வீடுகளில் நாய் இருக்கிறது. அவ்வளவு பேரும் கோடீஸ்வரர்களா?

அமெரிக்க மத்திய சர்க்கார் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-ல் நிர்ணயித்தது, அதன் பிறகு அந்தச் சட்டத்தில் காலணா ஏறவில்லை. பல மாநிலங்கள் தாமாக உயர்த்தியிருக்கின்றன. உயர்த்தாத மாநிலங்களும் பல. அந்தக் கூலிக்கு வேலை செய்கிறவன் 5,000 டாலர் சம்பாதிக்க 690 மணி நேரம் உழைக்க வேண்டும். வாரம் 40 மணி என்றால் 17 வாரம். அதாவது வாடகை கொடுக்காமல், சாப்பிடாமல், நான்கு மாத உழைப்பு! திடீரென்று 400 டாலர் செலவு வந்தால் முழுவதையும் கைப்பணத்தில் கொடுக்க இயலாதவர்கள் 100-க்கு 37 பேர் என்று அந்நாட்டு மத்திய வங்கியின் 2023-ம் ஆண்டுக் கணக்கெடுப்பே சொல்கிறது. நானூறுக்கே வழியில்லாதவனிடம் ஐயாயிரம் கேட்கிறார்கள்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் கட்டிப் பிடித்திருக்கும் ஜவ்வு இது. கால்பந்து ஆடுகிறவர்களுக்கு அறுகிறதே, அதே ஜவ்வுதான். ஆனால் நாய்க்குப் பெரும்பாலும் ஒரே நாளில் அறுவதில்லை. கிணற்றுக் கயிறு நைவதுபோல நாளாக நாளாக நைந்து அறுகிறது. நாயின் கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் சுமார் 25 டிகிரி சரிந்திருக்கும். ஜவ்வு அறுந்தபின், கால் ஊன்றும்போதெல்லாம் மூட்டு அந்தச் சரிவில் வழுக்குகிறது. நாய் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிறது.

இதற்கு ஒரிகான் மாநிலத்து மிருக வைத்தியர் பார்க்லே ஸ்லோகம் ஒரு வழி கண்டார். வளைந்த வாள் அலகால் எலும்பின் தலையை அறுத்து, சரிவு 5 டிகிரி அளவுக்குக் குறையும்படி திருப்பி வைத்து, உலோகத் தகடும் திருகாணிகளும் போட்டு முடுக்குவது. நல்ல கண்டுபிடிப்பு. கனத்த நாய்களும் திரும்ப ஓடுகின்றன. ஆனால் அந்தக் கண்டுபிடிப்புக்கும் காப்புரிமை வாங்கி, வேலி போட்ட பிறகே வெளியே விட்டார்கள். இன்னொன்றும் கேளுங்கள். ஒரு கால் போன நாய்களில் ஏறக்குறையப் பாதிக்கு மறு காலும் போய்விடுகிறது. அப்படியானால் இரண்டு பில்!

இந்த வேலைக்குத் தேர்ந்த கை வேண்டும், மயக்க மருந்து வேண்டும், எக்ஸ்ரே வேண்டும். இதை நாம் மறுக்கவில்லை. திறமைக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். உழைக்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கேட்கிற பணமெல்லாம் அந்தத் தேர்ந்த கைக்கா போகிறது?

யார் இந்த மார்ஸ்?

ஸ்னிக்கர்ஸ் சாக்லேட் விற்கும் அமெரிக்கக் கம்பெனி மார்ஸ். பெடிகிரி என்ற நாய்த் தீனியும் அதனுடையதே. 2007-ல் பான்ஃபீல்டு என்ற மிருக ஆஸ்பத்திரித் தொடரை முழுவதுமாகக் கைப்பற்றியது. 2015-ல் புளூபெர்ல். 2017-ல் வி.சி.ஏ. இந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் 910 கோடி டாலர்! 2018-ல் கடல் தாண்டிப் பிரிட்டனில் லின்னேயஸ், ஐரோப்பாவில் அனிகுரா. நாய் தின்பதும் அவன் சரக்கு. நோய் வந்தால் போகும் ஆஸ்பத்திரியும் அவனுடையது. ரத்தத்தைச் சோதிக்கும் பரிசோதனைக் கூடமும் அவனுடையது. எந்தப் பக்கம் திரும்பினாலும் காசு ஒரே பையில் விழுகிறது.

இவன் ஒருவன் மட்டுமல்ல. காப்பி வியாபாரத்தில் கொழுத்த ஜே.ஏ.பி. கம்பெனி 2019, 2020 ஆண்டுகளில் ஆஸ்பத்திரிகளை வாரிக் குவித்தது. அடுத்து நாய்-பூனை இன்ஷூரன்ஸிலும் இறங்கியது. ஒரு கையால் பில் போடுகிறான். மறு கையால் இன்ஷூரன்ஸ் விற்கிறான்! 2022-ல் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷனே தலையிட்டு, போட்டி செத்துப்போகும் என்று சில ஆஸ்பத்திரிகளை விற்கச் சொல்லி உத்தரவிட வேண்டியதாயிற்று.

இப்படிக் கைமாறினால் விலை ஏறுமா? "பெரிய நிறுவனம் வந்தால் செலவு குறையும்" என்கிறார்கள் முதலாளிகளின் வக்கீல்கள். இதே மார்ஸும் கடை விரித்திருக்கும் பிரிட்டனில் சர்க்கார் அதிகாரிகள் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2013-ல் அங்கே 100-க்கு 10 மிருக ஆஸ்பத்திரிகள்தான் பெரிய கம்பெனிகளிடம் இருந்தன. பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய 60 ஆயின. பலவற்றில் பலகையில் பழைய பெயரே தொங்குகிறது. உள்ளே முதலாளி மாறிவிட்டான். 2016-லிருந்து 2023-க்குள் வைத்தியக் கட்டணம் 100-க்கு 63 ஏறியது. மற்றச் சாமான்களின் விலையேற்றத்தை இது தாண்டிவிட்டது. தனி டாக்டர் நடத்தும் இடத்தைவிடப் பெரிய கம்பெனியின் இடத்தில் கட்டணம் சராசரியாக 100-க்கு 16-க்கு மேல் அதிகம். இது நாம் சொல்வதல்ல. 2025 அக்டோபரில் அந்தச் சர்க்கார் அமைப்பே வெளியிட்ட கணக்கு. வக்கீல்கள் என்ன பதில் சொல்கிறார்கள்?

இன்ஷூரன்ஸும் கந்துவட்டியும்

"இன்ஷூரன்ஸ் எடுப்பதுதானே?" என்பார்கள். எடுத்தவனைக் கேளுங்கள். பல பாலிசிகளில் முழங்காலுக்கு மட்டும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பாலிசி எடுக்கும் முன்பே ஒரு காலில் கோளாறு இருந்தால், பின்னால் மறு கால் போனாலும் பணம் கிடையாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இடது கால் செய்த குற்றத்துக்கு வலது காலுக்குத் தண்டனை!

கையில் பணமில்லை என்றால் ஆஸ்பத்திரி மேஜையிலேயே கடன் விண்ணப்பம் தயாராக இருக்கிறது. கேர்கிரெடிட் என்று ஒரு கடன் அட்டை. "ஆறு மாதத்துக்கு வட்டி இல்லை" என்பார்கள். கெடு முடியும் நாளில் பத்து டாலர் பாக்கி நின்றாலும், முதல் நாளிலிருந்து வட்டி போட்டுக் கறப்பார்கள். வட்டி 100-க்கு 30-க்கு மேல். சரியாக விளக்காமல் ஆட்களைச் சேர்த்ததற்காக, 3 கோடியே 41 லட்சம் டாலர் வரை திருப்பிக் கொடுக்கும்படி 2013-ல் அந்நாட்டுச் சர்க்கார் இந்தக் கம்பெனிக்கு உத்தரவிட்டது. நம் ஊர்க் கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்பான், ஆளையாவது தெரியும். அங்கே வட்டிக்காரன் வைத்தியனின் மேஜைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.

"முடியாதவன் ஏன் வளர்க்கிறான்?"

இதுதான் அவர்களுடைய கடைசி அஸ்திரம். பணமில்லாதவனுக்குப் பாசம் எதற்கு என்பதுதான் இதன் பொருள். கூலிக்காரன் குடிசை வாசலில் படுத்துக் காவல் காக்கும் நாயை உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே வாலாட்டி எதிர்கொள்ளும் அந்த ஜீவனிடம் நாம் ஆடம்பரத்துக்கா பாசம் வைத்தோம்? அமெரிக்கத் தொழிலாளியின் பாசமும் அதே பாசம்தான். அந்தப் பாசத்தை எடை போட்டுத்தான் கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டி ஆஸ்பத்திரிகளை வாங்குகின்றன. "வலியில் துடிக்கிறதே, எப்படியாவது கொடுப்பான்" என்பதே அவர்களுடைய மூலதனம்.

கொடுக்க முடியாதவன் நாயை அநாதை விடுதியில் விட்டுவிட்டு வருகிறான். அல்லது ஊசி போட்டுக் கொல்லச் சம்மதிக்கிறான். இதற்கு அங்கே "பொருளாதாரக் கருணைக்கொலை" என்று பெயரே வைத்துவிட்டார்கள். இதில் கருணை எங்கே இருக்கிறது?

நம் ஊரில் ஆடு நொண்டினால் சர்க்கார் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போகிறோம். அங்கே ஆயிரம் குறை இருக்கலாம். ஆனாலும் அது பொதுச் சொத்து. உலகத்திலேயே பணக்கார நாட்டின் தொழிலாளிக்கு, சில தர்ம ஸ்தாபனங்களையும் கல்லூரி ஆஸ்பத்திரிகளையும் விட்டால், தட்டுவதற்கு அப்படியொரு கதவு இல்லை.

டாக்டரைத் திட்டினால் தீருமா? தீராது. படிப்பு முடித்து வரும் இளம் மிருக வைத்தியர்களில் பலர் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் கடனோடு வருகிறார்கள். நாயைப் பிடித்து, மயக்கம் கொடுக்க உதவி, கட்டுப்போடும் உதவியாளருக்கு 2024-ல் நடுத்தரச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 46,000 டாலர். தன் நாயின் இரு கால்களுக்கும் வைத்தியம் பார்க்க அவருக்கே இரண்டரை மாதச் சம்பளம் போதாது! 2018-ல் சான்பிரான்சிஸ்கோவில் மார்ஸுக்குச் சொந்தமான ஒரு மிருக ஆஸ்பத்திரியின் தொழிலாளர்கள், துறைமுக-கிடங்குத் தொழிலாளர் சங்கத்தில் சேர வாக்களித்தார்கள். மூட்டை தூக்கும் கையும் நாய்க்குக் கட்டுப்போடும் கையும் சேர்ந்தன. சரியான பாதை அதுதான்.

கட்டணப் பட்டியலை வாசலில் மாட்டு! உண்மையான முதலாளி யார் என்று பலகையில் எழுது! சிறிய நாய்க்கு நைலான் இழையால் மூட்டைக் கட்டும் மலிவான வழியும் உண்டு என்று முன்கூட்டியே சொல்! மருத்துவக் கடனில் மறைவட்டியை நிறுத்து! பிரிட்டனில் முதல் இரண்டையும் கட்டாயமாக்க வேண்டும் என்று 2025 அக்டோபர் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். கேட்டால் கிடைக்காதது எதுவும் இதில் இல்லை.

ஆகவே, "நாய்க்கு ஐயாயிரம் டாலரா!" என்று யாராவது டீக்கடையில் சிரித்தால் நீங்கள் ஒன்று கேளுங்கள்: அந்த ஐயாயிரத்தில் நாயின் காலுக்குப் போனது எவ்வளவு? ஆஸ்பத்திரி முதலாளியின் பைக்குப் போனது எவ்வளவு?