ஓர் ஊருக்கு ஒரே பெயர்: 'காலனி' குறித்த நிலைப்பாடு

'காலனி' என்ற சொல் லத்தீனில் பிறந்து ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தது. நகரங்களில் அது வெறும் முகவரிச் சொல்: ரயில்வே காலனி, ஆசிரியர் காலனி, வங்கி ஊழியர் காலனி. கிராமங்களில் அப்படியில்லை. ஆதிதிராவிடர்களுக்கு அரசு கட்டித் தந்த வீடுகள் பெரும்பாலும் ஊரை விட்டு விலகியே அமைந்தன. காலனி என்றே பதிவாயின. நாளடைவில் 'ஊர்' என்றால் சாதி இந்துக்களின் இடம், 'காலனி' என்றால் தலித்துகளின் இடம் என்றாயிற்று. "ஊரா, காலனியா?" என்று கேட்பவர் கேட்பது சாதியைத்தான். பதில் சொல்லும் பள்ளிப் பிள்ளைக்கும் அது தெரியும்.

இதற்கு முன் 'சேரி'க்கும் இதுவே நேர்ந்தது. மக்கள் சேர்ந்து வாழும் எந்தப் பகுதியையும் குறித்த சொல் அது. புதுச்சேரியிலும் வேளச்சேரியிலும் அந்தப் பொதுப்பொருள் எஞ்சியிருக்கிறது. ஆனால் ராஜராஜ சோழனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே கம்மாணச்சேரியோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே பேசப்படுகின்றன. சேரி இழிசொல்லான பிறகு 'ஹரிஜன காலனி' வந்தது. கடன்வாங்கிய சொல்லிலும் அதே இழிவு ஏறிக்கொண்டது.

எழுத்துப்பிழையும் இங்கே சிறு விஷயமல்ல. பெயர்ப்பலகையில் 'காலனி'யைக் 'காலணி' என்று எழுதினால் மக்கள் வாழும் இடம் செருப்பாகிவிடுகிறது. அதைத் திருத்தாமல் விட்டுவைப்பது அவமதிப்பு.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். இந்த நிலைப்பாட்டை வெளியிடும் அமைப்பு அதை முழுமனத்தோடு ஆதரிக்கிறது. ஆனால் 'காலனி'யை அழித்த இடத்தில் 'நகர்' என்று எழுதினால் போதாது. ஊருக்கு ஒரு பெயர், கூப்பிடு தூரத்தில் வாழ்வோருக்கு வேறு பெயர் என்ற நிலை நீடிக்கும்வரை, எந்தப் புதுச்சொல்லும் சில ஆண்டுகளில் பழைய வேலையையே செய்யும். இரு பகுதிக்கும் ஊரின் பெயர் ஒன்றே இருக்க வேண்டும் என்பதே இந்த அமைப்பின் நிலைப்பாடு.

தெருக்களுக்குப் பெயர் வேண்டுமானால் அங்கே வாழ்பவர்களே சூட்டட்டும். கிராமசபையின் பெரும்பான்மை அவர்கள்மேல் ஒரு பெயரைத் திணிக்கலாகாது. அவர்கள் விரும்பிச் சூட்டிய அம்பேத்கர் பெயரைச் சீர்திருத்தம் என்ற பெயரில் எவரும் அகற்றவும் கூடாது. 'ஊர்மக்கள்', 'காலனி மக்கள்' என்று பிரித்து எழுதும் வழக்கத்தை நாளிதழ்கள் கைவிட வேண்டும். குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், பேருந்து நிறுத்தம், காவல்நிலையப் பதிவேடு ஆகிய அனைத்திலும் இந்த மாற்றத்தை ஒரே சமயத்தில் செய்யுமாறு அரசை இந்த அமைப்பு கேட்டுக்கொள்கிறது.