கடைசியில் கேட்கும் பாகம்

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வரும் பையன்கள் முதலில் விசாரிப்பது கிராபிக்ஸ் கார்டு; கடைசியில் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. அதற்குள் பணம் கரைந்திருக்கும். "இதுவே போதும் தம்பி" என்று கடைக்காரர் எடுத்து வைக்கும் பெயர் தெரியாத பெட்டியில் 600 வாட் என்று அச்சிட்டிருக்கும். கையில் தூக்கினால் கனமே இருக்காது. மொத்த கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. புகைந்தால் மதர்போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடலாம். என்னைக் கேட்டால், பட்ஜெட் போடும்போது அதைத்தான் முதல் வரியில் எழுதவேண்டும்.

விளையாட மட்டும் என்றால் மிச்சத்தைக் கார்டில் கொட்டுவதில் நியாயம் உண்டு. டிசைன் வேலையும் அதே கம்ப்யூட்டரில் என்றால் கணக்கு வேறு. ஃபோட்டோஷாப்பில் பெரிய ஃபிளெக்ஸ் ஒன்றை லேயர் லேயராகத் திறந்து வைப்பவருக்கு முதலில் மூச்சு முட்டுவது ரேமில்தான். 16 ஜிபி பற்றாது. 32 வேண்டும், அதுவும் ஒரே ஸ்டிக்காக இல்லாமல் 16-16 என்று ஜோடியாக. பிளெண்டரில் ரெண்டர் செய்பவர் கார்டின் வேகத்தைவிட அதிலுள்ள விராம் (கார்டின் சொந்த நினைவகம்) எவ்வளவு என்று பார்ப்பது நல்லது. இன்டெல்லில் பெயருக்குப் பின்னால் 'எஃப்' போட்ட பிராசசர் கொஞ்சம் மலிவு என்று தள்ளிவிடுவார்கள். அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு சர்வீஸுக்குப் போனால், அது திரும்பி வரும்வரை மானிட்டரில் படமே வராது. ஆர்ஜிபி விளக்குக்குக் கொடுக்கும் காசை 'எஃப்' இல்லாத பிராசசரில் போடலாமே!