கண்ணனுக்குப் பிறகுதான் கணபதி

2025 மார்ச் கடைசியில் வருமான வரித் தணிக்கைக்கான 3சிடி படிவத்தின் 22ஆம் பத்தி மாறியதிலிருந்து நம் வாசகர்கள் பலருக்கும் ஒரே வேலைதான். குறு, சிறு நிறுவனங்களுக்கு எம்எஸ்எம்இடி சட்டம் 15ஆம் பிரிவின்படி தர வேண்டியிருந்த மொத்தம் எவ்வளவு, கெடுவுக்குள் தந்தது எவ்வளவு, தராமல் நின்றது எவ்வளவு என்று ஆடிட்டர் பிரித்துக் காட்ட வேண்டும். அதற்காகக் காங்கேயத்திலும் திருப்பூரிலும் கம்பெனிகள் கேட்கும் ரிப்போர்ட் ஒன்றுதான். நிலுவைப் பில்கள், பார்ட்டியின் வகைப்படி, அதற்குள் கெடு தேதிப்படி, அதற்குள் பெயர்ப்படி. பில் ஒரு டேபிளில் இருக்கிறது. வகை, ஒப்பந்த நாள், பெயர் மூன்றும் பார்ட்டி டேபிளில். ஓஆர்எம்மில் இது ஒரே ஒரு ஆர்டர்பை வரி. அந்த ஒரு வரியைப் பற்றி இந்த இதழ் தன் நிலையைச் சொல்லியாக வேண்டும்.

வகையிலிருந்து தொடங்குவோம். பார்ட்டியின் வகைப்படி அடுக்கு என்றால் ஜாயின் எடுத்து வருவது இன்றைய வகையை. பில் பதிவான நாளில் அந்த யூனிட் என்னவாக இருந்தது என்பது அதற்குத் தெரியாது. 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துவிட்டன. குறு நிறுவனத்துக்கு முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி. சிறு நிறுவனத்துக்கு 25 கோடி, 100 கோடி. மார்ச்சில் நடுத்தரமாக இருந்த டையிங் யூனிட் ஏப்ரலில் சிறு நிறுவனமாகியிருக்கலாம். பார்ட்டி வரியில் அதைத் திருத்திய நொடியில் பிப்ரவரிப் பில்களும் கூடவே இடம் மாறுகின்றன. எனவே வகையைப் பில்லிலேயே பதிய வேண்டும், அல்லது தேதியோடு கூடிய தனி டேபிளில் வைக்க வேண்டும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதலாமா என்று கேட்பவர்கள், பில்லில் விலையை ஏன் தனியாக எழுதுகிறோம் என்று யோசித்தால் போதும். உத்யம் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதும் போதாது. 2021 ஜூலை முதல் வியாபாரிகளுக்கும் அந்த எண் உண்டு, ஆனால் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. நூல் மில்லும் நூல் வியாபாரியும் ஒரே கூட்டத்தில் நிற்கக் கூடாது.

வகை பதியாத பார்ட்டிகளுக்கு வருவது ‘நல்’. அந்த மதிப்பை ஏறுவரிசையில் போஸ்ட்கிரெஸ் கடைசியில் வைக்கும், மைஎஸ்கியூஎல் முதலில் வைக்கும். எங்கே வர வேண்டும் என்று நாமே எழுதிவிட வேண்டும், ஜாங்கோவில் 1.11 பதிப்பிலிருந்தே அதற்கு வழி உண்டு. கடைசிச் சாவியாகப் பில்லின் ஐடியைச் சேர்க்காவிட்டால் ஒரே பில் இரண்டு பக்கத்தில் வரலாம், இன்னொன்று எந்தப் பக்கத்திலும் வராமல் போகலாம். ஹைபர்னேட்டில் கலெக்‌ஷன் ஃபெட்ச்சோடு பக்கம் பிரித்தால் மொத்த வரிகளையும் மெமரிக்கு இழுத்து அங்கே வெட்டும். இவை எல்லாம் நீங்கள் அறிந்தவை.

பெயரைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

போன தணிக்கைக் காலத்தில் காங்கேயத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். அங்கே கணக்குப் பார்ப்பவர் முப்பது வருடம் பேரேடு எழுதியவர். ஓரத்தில் எழுத்து வெட்டிய பேரேட்டில், கை வைத்த இடத்தில் பார்ட்டியை எடுத்துப் பழகியவர். பவர் டேபிள் யூனிட் ஒன்றின் பில் வந்தது. கையால் தமிழில் எழுதிய பில், பெயர் ‘கண்ணன்’ என்று தொடங்கியது. திரையில் க வரிசைக்குப் போய்க் கணபதிக்கு மேலே தேடினார். இல்லை. “பார்ட்டி ஏத்தலீங்க போல” என்று சொல்லிப் புதிதாகப் பதிந்தார். கண்ணன் அங்கேயேதான் இருந்தது, கணேசனுக்கும் கீழே. ஏற்கெனவே இருந்த வரியில் உத்யம் எண் இருந்தது. புது வரியில் இல்லை. அதன் பிறகு வந்த பில்கள் எல்லாம் ‘நல்’ கூட்டத்தோடு கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டன. மார்ச் 31 அன்று கெடு தாண்டி நின்ற தொகை வருமான வரிச் சட்டம் 43பி(எச்) படி செலவாக ஏற்கப்படவில்லை. தைத்துக் கொடுத்தவருக்கும் காசு பிந்தியது.

இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அகராதி வரிசையில் மெய் முன்னே, உயிர்மெய் பின்னே. ண் வந்த பிறகுதான் ண. யூனிகோடு குறியெண் வரிசையிலோ புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் கண்ணன் கீழே தள்ளப்படுகிறது. ன, ந-வை ஒட்டி நிற்பதால் அன்னை அம்மனுக்கு முன்னால் வருகிறது. ழ, வ-வுக்கு முன்னால் இருப்பதால் பழனி பவானியை முந்துகிறது. நம் பகுதியில் எத்தனையோ கம்பெனிப் பெயர்கள் தொடங்கும் ‘ஸ்ரீ’யின் நிலை இன்னும் மோசம். 2005இல் யூனிகோடு 4.1இல் ஶ தனி எழுத்தாகச் சேர்ந்த பிறகு, பார்வைக்கு ஒன்றாகவே தெரியும் ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக எழுத முடிகிறது. ஒரே பெயர் இரண்டு இடத்தில் போய் உட்காருகிறது.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது? யூனிகோடு தன் இந்திய எழுத்துப் பகுதிகளை 1988இன் இஸ்கி தரத்தின் அடியொற்றி அமைத்தது. இஸ்கி தேவநாகரியின் அடுக்கை அச்சாக வைத்து மற்ற எழுத்துகளை அதில் பொருத்தியது. ந-வுக்கு இணையான எழுத்தை ஒட்டி ன, ர-வை ஒட்டி ற, ள-வை ஒட்டி ழ. தமிழ் அகராதி எந்த வரிசையில் இருக்கிறது என்று அந்த அடுக்கு பார்க்கவே இல்லை. குறியெண் வேறு, அகரவரிசை வேறு என்பது தரக் குழுக்கள் தரும் பதில். தொழில்நுட்பப்படி அது சரியே. ஆனால் யாரும் எதுவும் சொல்லாதபோது பல தரவுத்தளங்கள் குறியெண்ணைத்தான் பின்பற்றுகின்றன. சொல்ல வைத்திருக்க வேண்டியவர்கள் சொல்ல வைக்கவில்லை. 1999இல் தமிழிணையம் மாநாட்டுக்குப் பின் விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் தரம் வந்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதம், யூனிகோடும் டேஸ்16 குறியாக்கமும் தமிழக அரசின் தரமாயின. குறியாக்கத்துக்கு இவ்வளவு செய்த அரசு, தான் வாங்கும் மென்பொருள் அகரவரிசையில் அடுக்குகிறதா என்று சோதித்துப் பார்த்து வாங்கியிருந்தால் சந்தை முழுவதும் திருந்தியிருக்கும். நான் பார்த்த ஒரு துறையின் டெண்டரில் எழுத்துருவின் பெயரும் அளவும் வரை இருந்தன. வரிசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. உத்யம் சான்றிதழோ ஆங்கில எழுத்தில் வருகிறது. பில்லில் தமிழ்ப் பெயர், சான்றிதழில் ஆங்கிலப் பெயர். இரண்டையும் பொருத்தும் வேலை நம் தலையில், அது தவறினால் அபராதம் நம் வாடிக்கையாளர் தலையில். இருபது வருடமாக இதைச் சொல்லி வருகிறேன். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டதாகத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது கடினமானதும் அல்ல. போஸ்ட்கிரெஸ் 10இலிருந்து ஐசியு வழியாகத் தமிழ் அடுக்குமுறை கிடைக்கிறது. ஜாங்கோ 3.2இலிருந்து பார்ட்டியின் பெயரைக் ‘கொலேட்’ செய்து ஆர்டர்பையில் கொடுக்கலாம், அல்லது பெயர்ப் புலத்திலேயே அதைக் குறித்துவிடலாம். இன்டெக்ஸையும் அதே கொலேஷனில் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த இன்டெக்ஸ் இந்த அடுக்குக்கு உதவாது. ‘ஸ்ரீ’யைப் பதியும்போதே ஒரு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்த இதழிலிருந்து மதிப்புரைக்கு வரும் எந்தக் கணக்கு மென்பொருளிலும் ஆறு பார்ட்டிகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பில் போட்டு, பில் பட்டியலைப் பார்ட்டி பெயர்ப்படி அடுக்கச் சொல்வோம். அம்மன், அன்னை, கண்ணன், கணபதி, பவானி, பழனி. இந்த வரிசையில் தராத மென்பொருளுக்கு இங்கே மதிப்புரை கிடையாது.