ரூபாயில் கேட்டு டாலரில் பிடிப்பவர்கள்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில் கோவிந்தாபுரம் வந்ததும் மாநிலம் மாறுகிறது. பேருந்தின் பெயர்ப் பலகையில் எழுத்து மாறுகிறது. ஊரக வேலைத் திட்டத்தின் நாட்கூலிகூட மாறுகிறது: 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் 336 ரூபாய், கேரளத்தில் 369 ரூபாய். மாறாதது ரூபாய் ஒன்றுதான். முதலமடை மாந்தோப்புக்கு வேலைக்கு வருகிறவரும் பொள்ளாச்சிச் சந்தைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவரும் ஒரே நோட்டைத்தான் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். இங்கிருந்த வணிகவரிச் சோதனையும் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது முடிவுக்கு வந்தது. ஆனால் இதே ஊரில், வாசற்படி தாண்டாமலே, கைபேசிக்குள் இன்னொரு எல்லை நாள்தோறும் கடக்கப்படுகிறது. அந்த எல்லையில் பணம் மாறுகிறது, சுங்கமும் வசூலாகிறது. சுங்கம் கட்டுகிறவருக்குத்தான் அது பெரும்பாலும் தெரிவதில்லை.

மென்பொருள், கோப்புச் சேமிப்பு, இணையவழிப் பயிற்சி, திரைப்படம், செயற்கை நுண்ணறிவுச் செயலி என எல்லாமே இன்று மாதச் சந்தாவாகிவிட்டன. ஒருமுறை அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டால் மாதம் பிறந்ததும் கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடிக்கப்படுகிறது. சேரும்போது திரையில் ரூபாயில் ஒரு விலை தெரியும். சில மாதங்கள் கழித்து வங்கிக் குறுஞ்செய்தியில் டாலரோ யூரோவோ வந்து நிற்கும். சந்தாதாரர் எந்தப் பொத்தானையும் அழுத்தியிருக்க மாட்டார். நிறுவனம் தன் கணக்கை ஒரு நாட்டுக் கிளையிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளைக்கு மாற்றியிருக்கும். அல்லது பணம் வாங்கித் தரும் இடைநிலை நிறுவனத்தை மாற்றியிருக்கும். அந்த ஏற்பாட்டில் சந்தாதாரருக்குப் பங்கில்லை, விளைவில் மட்டுமே பங்கு.

இது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் கவலையல்லவா, தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். பத்தாண்டுகளுக்கு முன்பாயின் அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் இருந்திருக்கும். இன்று எல்லையோரச் சிற்றூர்களில் திருமண ஆல்பம் தயாரிக்கும் ஸ்டுடியோ, பிளக்ஸ் பேனரும் நோட்டீசும் வடிவமைக்கும் டிடிபி கடை, காணொளி வெட்டி ஒட்டிக் கூலி பெறும் பட்டதாரி இளைஞர் ஆகிய எல்லோருக்கும் சந்தா என்பது கருவிக்கான வாடகை. அடோபி நிறுவனம் 2013இல் தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளை ஒரே விலைக்கு விற்பதைக் கைவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. மற்ற நிறுவனங்களும் அவ்வழியே நடந்தன. தச்சரின் உளி தச்சருடையது. டிடிபி கடைக்காரரின் உளி மாதாமாதம் வாடகைக்கு வருகிறது. வாடகை எந்த நாட்டுப் பணத்தில் என்பதையும் உளிக்குச் சொந்தக்காரர்தான் தீர்மானிக்கிறார்.

கணக்கைப் பார்ப்போம். மாதம் 20 டாலர் சந்தா என்று வைத்துக்கொள்வோம். டாலர் 90 ரூபாய் என்றால் 1,800 ரூபாய். வெளிநாட்டிலிருந்து தரப்படும் இணையச் சேவை என்பதால் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 2,124 ரூபாய். இதுவரை கணக்கு வெளிச்சத்தில் இருக்கிறது. இதற்கு மேல், வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் பரிவர்த்தனைக்காக வங்கி ஒரு 'மார்க்-அப்' சேர்க்கிறது. பல வங்கிகளில் இது 3.5 சதவீதம் வரை போகிறது. 2,124க்கு அது 74 ரூபாய். அந்த 74 ரூபாய்க்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு! ஆண்டு முழுவதற்கும் கூட்டினால் வங்கியின் கட்டணம் மட்டுமே ஏறத்தாழ 890 ரூபாய் ஆகிறது. கேரளத்தின் ஊரக வேலைத் திட்டக் கூலியில் இரண்டு நாளுக்கும் மேல். மாற்று விகிதமோ, சந்தா புதுப்பிக்கப்படும் நாளில் திரையில் தெரிவதாக இருக்க வேண்டியதில்லை. அட்டை நிறுவனம் கணக்கை முடிக்கும் நாளின் விகிதம் எதுவோ அதுவே. குறுஞ்செய்தியில் ஒரு தொகையும் மாத அறிக்கையில் வேறொரு தொகையும் வருவது இதனால்தான்.

ரூபாயிலேயே விலை காட்டினால் தப்பித்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. விற்பனையாளரின் கணக்கு அயர்லாந்திலோ சிங்கப்பூரிலோ பதிவாகியிருந்தால், ரூபாயில் பிடித்த தொகைக்கும் பல வங்கிகள் 1 சதவீதம் அளவுக்குத் தனிக்கட்டணம் போடுகின்றன. இந்தியர் ஒருவர், இந்திய வங்கியின் அட்டையில், இந்திய ரூபாயில் கட்டிய பணத்துக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம்!

நிறுவனங்கள் நாணயத்தை மாற்றுவது கவனக்குறைவால் அல்ல என்பதற்கு அர்ஜென்டினா நல்ல சான்று. இணையத்தில் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம், அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் உள்நாட்டுப் பணத்தில் விலை வைப்பதை நிறுத்தி டாலருக்கு மாறப்போவதாக 2023 அக்டோபரில் அறிவித்தது. நவம்பர் 20ஆம் தேதி மாற்றம் நடைமுறைக்கு வந்தது. அந்நாடுகளின் பணமதிப்பு நிலையில்லாமல் ஆடுகிறது என்பது நிறுவனம் சொன்ன காரணங்களில் முதன்மையானது. மூன்றே வாரத்தில், டிசம்பர் நடுவில், புதிய அதிபர் மிலேயின் அரசு பெசோவின் அதிகாரபூர்வ மதிப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தது. பெசோவில் விலை இருந்திருந்தால் அந்த இழப்பில் ஒரு பகுதியேனும் நிறுவனத்தின் தலையில் விழுந்திருக்கும். டாலருக்கு மாறிவிட்டதால் முழுவதும் வாங்குகிறவரின் தலையில் விழுந்தது. நாணய மாற்றத்தின் உள்ளடக்கம் இதுவே: சந்தையின் அபாயத்தை மூலதனத்தின் தோளிலிருந்து இறக்கி, கூலியும் சம்பளமும் உள்நாட்டுப் பணத்தில் பெறுகிறவரின் தோளில் ஏற்றுவது.

அர்ஜென்டினா தொலைவில் இருக்கிறது என்று தோன்றினால், பாக் நீரிணைக்கு அப்பால் பார்க்கலாம். 2022 மார்ச் 7ஆம் தேதி இலங்கை மத்திய வங்கி ரூபாயின் பிடியைத் தளர்த்தியது. 200 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் மே மாதத்துக்குள் 360ஐ நெருங்கியது. யாழ்ப்பாணத்தில் 10 டாலர் கட்டிவந்த மாணவருக்கு 2,000 ரூபாய்ச் செலவு இரண்டே மாதத்தில் 3,600 ஆயிற்று. அவர் பெற்ற சேவை கடுகளவும் கூடவில்லை. இந்தியாவில் சரிவு மெதுவாக வருகிறது, அதனால் கண்ணில் படுவதில்லை. 2014 மே மாதம் 59 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. விலையே ஏற்றப்படாத டாலர் சந்தாகூட இதற்குள் ஒன்றரை மடங்காகிவிட்டது.

ரிசர்வ் வங்கி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. தொடர் கட்டணங்களுக்கான முன்அனுமதி விதிகளை அது 2019 ஆகஸ்டில் கொண்டுவந்தது. உள்நாட்டு, வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டுக்கும் அவை பொருந்தும் என்று 2020 டிசம்பரில் தெளிவாக்கியது. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் வழி இருக்க வேண்டும். குறிப்பிட்ட வரம்புக்கு மேலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் ஒப்புதல் வேண்டும். நிறுவனங்களும் வங்கிகளும் தயாராகவில்லை என்பதால் 2021 மார்ச் 31 என்ற கெடு ஆறு மாதம் தள்ளிப்போனது. அக்டோபர் 1 முதல் விதி நடைமுறைக்கு வந்தது. பல சந்தாக்கள் அன்று அறுந்தன. சில பெருநிறுவனங்கள் இந்திய அட்டைகளையே ஏற்க மறுத்தன. வானம் இடிந்து விழவில்லை. காலப்போக்கில் யுபிஐ வழியாகவும் ரூபாயிலும் வாங்கப் பலரும் கற்றுக்கொண்டனர். டாலரில் மட்டும் விலை சொல்லிவந்த சாட்ஜிபிடி, 2025 ஆகஸ்டில் இந்தியாவுக்கென 399 ரூபாய்த் திட்டத்தை யுபிஐ வசதியோடு அறிமுகப்படுத்தியது. சந்தை வேண்டுமென்றால் ரூபாயில் விலை வைக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஆனால் அந்த விதியிலேயே ஓட்டை இருக்கிறது. முன்தகவலில் கட்டாயம் இருக்க வேண்டியவை என விதி பட்டியலிடுவது விற்பனையாளர் பெயர், தொகை, பிடிக்கும் நாள், நேரம், குறிப்பு எண், காரணம் ஆகியவற்றை. மாற்று விகிதமும் வங்கியின் மார்க்-அப்பும் அப்பட்டியலில் இல்லை. தொகை மாறக்கூடிய சந்தாவுக்கு உச்சவரம்பு ஒன்றைக் குறித்துவிட்டால், அதற்குள் எவ்வளவு பிடித்தாலும் அது ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும். கூடுதல் ஒப்புதலுக்கான பொது வரம்பு 2022 ஜூனில் 15,000 ரூபாய்க்கு உயர்த்தப்பட்டது. ஆகவே, 500 ரூபாய்ச் சந்தா டாலருக்கு மாறி 700 ஆனால் எந்த மணியும் அடிக்காது. ஒன்றிய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. சந்தாப் பொறி அதில் உண்டு, மறைவிலை உண்டு. சொல்லாமல் நாணயம் மாற்றுவது அந்தப் பதின்மூன்றில் ஒன்றாக எண்ணப்படவில்லை.

ஒன்றிய அரசு யார் பக்கம் சாய்கிறது என்பதை வரி விவகாரத்தில் பார்க்கலாம். அயல்நாட்டு இணைய நிறுவனங்கள் இங்கே ஈட்டும் வருவாய்க்காக, 2016இல் விளம்பரத்துக்கு 6 சதவீதமும் 2020இல் இணைய வணிகத்துக்கு 2 சதவீதமும் சமன்செய்வரி விதிக்கப்பட்டது. பின்னது 2024 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. முன்னது அமெரிக்காவின் வரி மிரட்டலுக்கு நடுவே 2025 ஏப்ரல் 1 முதல் விலக்கப்பட்டது. விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்த பரிசு, 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி. நிறுவனத்தின் வரி போயிற்று. சந்தாதாரர் மார்க்-அப்பின் மேல் கட்டும் 18 சதவீதம் போகவில்லை.

கோர வேண்டியவை பெரிய புரட்சிகரக் கோரிக்கைகள் அல்ல. இந்தியாவில் இருப்பவருக்கு விற்கும் சந்தாவின் விலை ரூபாயில் நிலைநிறுத்தப்பட வேண்டும். நாணயமோ பணம் பெறும் நாடோ மாறினால் பழைய அனுமதி செல்லாததாகி, புதிய ஒப்புதல் பெறப்பட வேண்டும். ரூபாயில் நடக்கும் பரிவர்த்தனைக்கு வெளிநாட்டுக் கட்டணம் கூடாது. முன்தகவலில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ரூபாய்த் தொகை, அதுவும் கணக்குடையவரின் மொழியில், இருக்க வேண்டும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் தமிழருக்கு வங்கிச் செய்தி தமிழில் வருவது சலுகை அல்ல.

சந்தாவே இல்லாத வழியும் உண்டு. அது இப்பகுதியில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகள் கைட் நிறுவனத்தின் ஏற்பாட்டில் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. தமிழ்வழிப் பிள்ளைகளும் படம் வரைவதற்கு ஜிம்பையும் இங்க்ஸ்கேப்பையும் அங்கே பயில்கிறார்கள். பள்ளியில் கற்ற அந்தக் கருவி டிடிபி கடைக்கு வந்துசேராமல் இடையில் நின்றுவிடுகிறது. வாலிபர் அமைப்புகளும் நூலகங்களும் கைவைக்க வேண்டிய இடம் அது.

அதுவரை செய்யக்கூடியவையும் சில உள்ளன. ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கணக்குடையவரே வங்கிச் செயலியில் அணைத்துவைக்கலாம், தேவைப்படும்போது திறக்கலாம். அனுமதி அளித்த சந்தாக்களின் பட்டியலையும் வங்கியிடமே பார்த்து வேண்டாததை நீக்கலாம். தவறாகப் பணம் பிடித்தால் முதலில் வங்கியில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிச் செல்லலாம். உதவி எண் 14448. நிறுவனத்தின் மீதான புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், நிறுவனம் எந்த நாட்டில் பதிவாகியிருந்தாலும் கோவிந்தாபுரத்துக்காரர் பாலக்காட்டு ஆணையத்துக்குப் போனால் போதும்.