கார்பன் சைக்கிளும் மூன்று லட்ச ரூபாயும்

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஹெப்பாள் மேம்பாலம் பக்கம் போனீர்கள் என்றால் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். வாரம் பூரா பொட்டி தட்டிவிட்டு, ஞாயிறு ஒரு நாளாவது தூங்குவோம் என்றில்லாமல், இறுக்கமான சட்டை, தலைக்கவசம் சகிதம் நந்தி மலைக்குச் சைக்கிள் மிதிக்கிற கூட்டம். அதில் நம்மாட்கள் ஏராளம். நான் குடியிருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுன், பக்கத்து ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன் எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் காதில் விழுகிற பகுதிகள். இப்போது அந்தத் தமிழில் க்ரூப்செட், வாட், கார்பன் என்று புதுசாகச் சில வார்த்தைகள் சேர்ந்திருக்கின்றன.

கொஞ்ச நாள் மிதித்ததும் போட்டியில் கலந்துகொள்ளும் ஆசை வரும். நல்ல ஆசைதான். அடுத்த மாதமே "கார்பன் ரேஸ் சைக்கிள் இல்லாமல் போட்டிக்குப் போனால் மரியாதை இல்லை" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கடையில் விலை கேட்டால் லட்சத்துக்குக் கீழே பேச்சே கிடையாது. போட்டிக்கு லாயக்கான ஒன்றில் கண் வைத்தால் இரண்டு, மூன்று லட்சம். ஊரில் வீட்டுக்குக் காங்கிரீட் போட அப்பா பணம் கேட்டிருக்கும் நேரத்தில், தங்கமணி முறைக்காமல் என்ன செய்வார்? :-)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்பன் வாங்கலாம், தப்பே இல்லை. ஆனால் முதல் போட்டிக்கு அது தேவையில்லை. வாங்கும்போதும் தராசைப் பார்க்காமல், உங்கள் உடம்பு அதில் எப்படி உட்காருகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

கடைக்காரர் முதலில் சொல்வது எடை. "தூக்கிப் பாருங்க சார்" என்பார். ஒரு விரலில் தூக்கியதும் நமக்கு மனசு இளகிவிடும். இதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். நந்தி மலை ஏற்றம் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர், ஏறும் உயரம் நானூறு மீட்டருக்கு மேல். ஆள், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 80 கிலோ, ஏறுவதற்கு 35 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் பெரும்பாலான சக்தி புவியீர்ப்புக்கே போகிறது. அதனால் ஒரு கிலோ குறைந்தால் நேரமும் அதிகபட்சம் 80-ல் ஒரு பங்கு குறையும். 35 நிமிடம் என்பது 2100 விநாடி. 80-ஆல் வகுத்தால் சுமார் 26 விநாடி. சுமாரான அலுமினியம் சைக்கிளுக்கும் நல்ல கார்பன் சைக்கிளுக்கும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வித்தியாசம் இருக்கும். முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவருக்கு அந்த 26 விநாடி தங்கம். நாற்பதாவது வருகிறவர் முப்பத்தெட்டாவது வருவார், அவ்வளவுதான். இடுப்பைச் சுற்றி மூன்று கிலோ குறைத்தால் இதைப் போல மூன்று மடங்கு கிடைக்கும், அதுவும் இலவசமாக.

தொழில்முறைப் பந்தயங்களில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. 2000-ஆம் ஆண்டிலேயே விதி போட்டுவிட்டது. அவர்களே அதற்குக் கீழே போகாதபோது, நாம் நூறு கிராமுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுப்பதில் அர்த்தமில்லை.

சமதளத்தில் எடைக்கு இந்த மதிப்புகூட இல்லை. மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பங்கைக் காற்று தின்றுவிடும். அந்தக் காற்றும் சைக்கிளைவிட நம் உடம்பின் மேல்தான் அதிகம் மோதுகிறது. அதாவது, உட்காரும் தோரணைதான் வேகம். இதற்கு அழகான உதாரணம் 1989 டூர் டி பிரான்ஸ். கடைசி நாள் 24.5 கி.மீ. தனியாள் ஓட்டம். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். கைகளை ஒடுக்கி முன்னால் நீட்டிக் குனிந்து ஓட்ட வசதியான ஒரு கைப்பிடியை மாட்டிக்கொண்டு, காற்றைக் கிழிக்கும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு ஓட்டினார். லோரான் ஃபின்யோன் தலைக்கவசம் இல்லாமல் குதிரைவால் பறக்க ஓட்டினார். மூன்று வாரம் ஓடிய பந்தயத்தை லெமாண்ட் 8 விநாடியில் ஜெயித்தார். (கூட்டமாக ஓடும் அமெச்சூர் போட்டிகளில் அந்த மாதிரிக் கைப்பிடிக்கு அனுமதி இருக்காது. பாடம் மட்டும்தான் நமக்கு.)

சரி, தோரணையை எப்படிப் பார்த்து வாங்குவது? சட்டத்தின் அளவுப் பட்டியலில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும். பெடல் அச்சிலிருந்து முன்பக்கக் குழாயின் உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். எவ்வளவு தூரம் முன்னால் என்பது ரீச். ஒரு கம்பெனியின் 54 இன்னொரு கம்பெனியின் 54-க்குச் சமமாக இருக்காது. ரெடிமேட் சட்டையில் 40 என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கி அவஸ்தைப்பட்டிருக்கிறோமே, அதே கதை. அதனால் பெரிய எண்ணை மறந்துவிட்டு இந்த இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ஒவ்வொரு கம்பெனியும் இரண்டு ரகம் செய்கிறது. தாழ்வாக, நீளமாகக் குனிய வைக்கும் பந்தய ரகம் ஒன்று. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைக்கும் நெடுந்தூர ரகம் இன்னொன்று. ஜயன்டில் டி.சி.ஆர். முதல் ரகம், டெஃபை இரண்டாவது. ஸ்பெஷலைஸ்டில் டார்மாக், ரூபே. வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் நாற்காலியில் மடங்கிக் கிடக்கிற முதுகு நமக்கு. அதைக் கொண்டுபோய்ப் பந்தய ரகத்தில் வளைத்தால் அரை மணியில் நிமிர்ந்துவிடுவோம். நிமிர்ந்தால் காற்று பிடித்துக்கொள்ளும், கொடுத்த காசு போயிற்று. பந்தய ரகத்தில் நிமிர்ந்து ஓட்டுகிறவரைவிட நெடுந்தூர ரகத்தில் இரண்டு மணி நேரம் குனிந்து ஓட்டுகிறவர் வேகமாகப் போவார். வாங்குவதற்கு முன் ஒரு நல்ல ஃபிட்டரிடம் உடம்பை அளந்துகொள்ளுங்கள். நான் பார்த்தவரை இந்த விளையாட்டில் வீண்போகாத செலவு அது ஒன்றுதான்.

அடுத்து, கடையில் பார்க்க வேண்டிய நாலு விஷயங்கள்.

1. பல்சக்கரம். முன்னால் 50-34, பின்னால் பெரிய பல் 32 அல்லது 34 இருக்கட்டும். 2008-ல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸில் ஆசை இருந்தால், மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 34 பல் இல்லாதவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். ஷிமானோ 105 நம் தேவைக்குத் தாராளம். 2022-ல் அதன் மின்னணு வடிவம் வந்தது, 2023-ல் கேபிளில் இயங்கும் 12 கியர் வடிவம் வந்தது. போட்டி என்றால் விழுவோம், விழுந்தால் பின் கியர்தான் முதலில் உடையும். மாற்றக் கட்டுப்படியாகும் கேபிளே போதும் என்பது என் கட்சி.

2. பிரேக். சாலைப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்கை யு.சி.ஐ. 2018-ல் முழுமையாக அனுமதித்துவிட்டது. புதிதாக வாங்கினால் டிஸ்க். பழையது, ரிம் பிரேக் என்றால் சக்கர விளிம்பு அலுமினியமாக இருக்கட்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் கார்பன் விளிம்பு சூடேறிக் கெட்டுப்போகும் அபாயம் உண்டு.

3. டயர். 28 மி.மீ. தாராளமாக நுழைய இடம் இருக்க வேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போவதற்குள் எத்தனை வேகத்தடை, எத்தனை தோண்டிப் போட்ட பள்ளம் என்று எண்ணிப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

4. பெடல் அச்சு உட்காரும் இடம். அழுத்திச் செருகும் வகை நாளாக நாளாகக் கிறீச்சிடும், எடுத்து மாட்டத் தனிக் கருவி வேண்டும். மரை போட்ட வகை நல்லது. அந்த மரைக்குப் பெயர் என்ன தெரியுமா? பி.எஸ்.ஏ.! 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்து நாம் ஸ்கூலுக்கு ஓட்டிய பி.எஸ்.ஏ. வண்டியின் பெயரும் இதுவும் ஒரே பர்மிங்ஹாம் கம்பெனியிலிருந்து வந்தவை. எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றி மாட்டிவிடுவார்.

இனி எனக்கு உண்மையாகவே கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். பட்ஜெட் இடிக்கிறது என்று பலரும் பழைய கார்பன் சைக்கிளைத் தேடுகிறார்கள். இரும்பு வளையும், அலுமினியம் நசுங்கும், இரண்டும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். கார்பன் அடிபட்டால் வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே இழைகள் பிரிந்து கிடக்கலாம். முன் ஃபோர்க்கின் தண்டு சட்டத்துக்குள் மறைந்திருக்கிறது, கழற்றினால்தான் தெரியும். நந்தி இறக்கத்தில் ஐம்பது கி.மீ. வேகத்தில் அது முறிந்தால் பிரேக் என்ன செய்யும், தலைக்கவசம்தான் என்ன செய்யும்? ஆகவே பழையது என்றால் ஃபோர்க்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சட்டம் முழுக்க ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீர் என்ற சத்தம் ஓரிடத்தில் மட்டும் மொத்தென்று மாறினால், சந்தேகம் தீரும்வரை காசைக் கொடுக்காதீர்கள். கணீரென்றே கேட்டாலும் அது முழு உத்தரவாதம் இல்லை, தெரிந்த மெக்கானிக் ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். ஆயுட்கால உத்தரவாதம் என்பது பெரும்பாலான கம்பெனிகளில் முதல் சொந்தக்காரருக்கு மட்டும்தான். "பிராண்ட் ஸ்டிக்கர் ஒட்டிய மலிவு சட்டம்" பக்கம் தலை வைத்தே படுக்காதீர்கள்.

புதிது வாங்கியவருக்கும் ஒரு வார்த்தை. கார்பன் மிதிக்கிற விசையைத் தாங்கும், நசுக்கினால் தாங்காது. சீட் தண்டையும் கைப்பிடியையும் 5 நியூட்டன் மீட்டர் அளவில், அந்தப் பாகத்தில் அச்சிட்டிருப்பதற்கு மிகாமல், அளவு காட்டும் ஸ்பானரால்தான் முடுக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று ஆம்னி பஸ் டிக்கியில் படுக்க வைத்தால், அதன் மேல் யாராவது அரிசி மூட்டையை இறக்கிவிடுவார்கள். பெட்டியில் வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிட்டுப் போங்கள்.

பிள்ளைகளுக்கு வாங்கும் பெற்றோருக்கு: "அப்பா, எல்லார்கிட்டயும் கார்பன்தான்பா இருக்கு" என்று பதினாலு வயசுப் பையன் சொல்லும்போது மறுப்பது கஷ்டம்தான். இரண்டு வருஷத்தில் அவன் அரையடி வளர்ந்துவிடுவான், சட்டம் வளராது. சரியான அளவில் அலுமினியம் வாங்கிக் கொடுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல டயர், ஷூ, தலைக்கவசம், போட்டிக் கட்டணம் எல்லாம் அடங்கிவிடும். கர்நாடகத்தில் சைக்கிள் வீரர்களின் விளைநிலம் விஜயபுரா, பாகல்கோட்டை பக்கம்தான். அந்தச் சாம்பியன்கள் பலரும் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள், விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்றவர்கள். இன்டெலில் வேலை பார்த்த பொறியாளர் நவீன் ஜான் 2014-ல் தேசிய டைம் ட்ரயல் சாம்பியன் ஆனார், 2016-ல் தோஹா உலகப் போட்டியில் இந்தியாவுக்காக ஓட்டினார். வருஷக்கணக்கான பயிற்சி அது, எந்தக் கடையிலும் விற்காது.

விலையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை இரண்டு லட்சம் என்றால் 14,000 ரூபாய் மிச்சம்.

என் யோசனை இதுதான். ஒரு வருஷம் அலுமினியத்தில் நாலைந்து போட்டி ஓட்டுங்கள். மலையேற்றமா, கூட்ட ஓட்டமா, எது உங்களுக்கு வருகிறது, எந்த அளவில் முதுகு வலிக்காமல் இருக்கிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். அப்போதும் ஆசை தீரவில்லை என்றால், கடன் வாங்காமல் முடியும் என்றால், உங்கள் அளவுக்கான கார்பன் சட்டத்தை வாங்குங்கள். பழைய அலுமினியத்தை மட்டும் விற்றுவிடாதீர்கள். மழைநாள் பயிற்சிக்கும், பொங்கலுக்கு ஊருக்குப் போகவும் அதுதான் உதவும்.